அக்காவின் சோதனைக் கொப்பி

எங்கள் பக்கத்தில் பரீட்சையைச் சோதனை என்றுதான் சொல்வோம். தவணைச் சோதனை, வகுப்பேற்றச் சோதனை, புலமைப்பரிசில் சோதனை. வருகிற வருடம் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எழுதவிருந்த எனக்கு, உலகத்தில் இவற்றைத் தவிர வேறு சோதனையும் உண்டு என்று எப்படித் தெரியும்? அதனால் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு டொக்டர் என் அக்காவைக் காட்டி, இவளை ஒரு சோதனையில் சேர்க்கலாம் என்று சொன்னபோது எனக்குப் பயமே வரவில்லை. அக்கா கெட்டிக்காரி. எந்தச் சோதனை வைத்தாலும் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வந்துவிடுவாள்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. பழுகாமத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணியில் கோல் போடுகிறவள் அவள்தான். அதற்கு முந்திய வருடம் ஒரு நாள் முழங்கால் நோகிறது என்றாள். விளையாடி விழுந்ததுதானே என்று இரண்டு மாதம் எண்ணெய் போட்டுக் கட்டினோம். வீக்கம் வற்றவில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் கடிதம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அது எலும்பில் வருகிற புற்றுநோய், மிகவும் அரிதானது என்று தெரிந்தது. "அரிதெண்டா என்னத்துக்கு நம்மட வீட்டத் தேடி வந்தது?" என்று அப்பா கேட்டார்.

கீமோ கொடுத்தார்கள். முழங்காலுக்கு மேலே எலும்பை வெட்டியெடுத்து உலோகம் வைத்தார்கள். மறுபடியும் கீமோ. எல்லாம் முடிந்து, தலையில் குட்டி மயிர் முளைத்து, அக்கா ஊன்றுகோலோடு முற்றத்தில் நடக்கத் தொடங்கியபோது நெஞ்சுப் படத்தில் புள்ளிகள் தெரிந்தன. நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அந்தச் சோதனைப் பேச்சு வந்தது.

மார்கழி விடுமுறை. என்னை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லாததால் அம்மாவும் அப்பாவும் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். டொக்டர் சிங்களப் பெண்மணி. அவர் சொல்வதை எங்களுக்குத் தமிழில் விளங்கவைக்க ஏறாவூரைச் சேர்ந்த ஒரு நேர்ஸ் இருந்தார். அவருக்கு அந்தச் சோதனை மட்டும்தான் வேலை. நம் பக்கத்துத் தமிழைக் கேட்டதும் அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அம்மா அவரை "மிஸ்" என்று கூப்பிட்டார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

மிஸ் நிதானமாகச் சொன்னார். "கீமோ எல்லாருக்கும் குடுப்பம். அதில ஒண்டும் குறையாது. அதோட சேத்து ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை. கொஞ்சப் பேருக்கு அது புது மருந்து. கொஞ்சப் பேருக்கு அதே நிறத்தில மருந்தில்லாத வெறுங் குளிசை. சீட்டுக் குலுக்கிற மாதிரிக் கம்பியூட்டர்தான் பிரிக்கும். ஆருக்கு எது கிடைச்சதெண்டு எனக்கும் தெரியா, டொக்டருக்கும் தெரியா."

அப்பா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

"எலிக்குக் குடுத்துப் பாக்கிற மாதிரி என்ட புள்ளைக்குக் குடுத்துப் பாக்கப் போறியளா?"

"எலிக்கெல்லாம் குடுத்துப் பாத்துத்தான் இஞ்ச வந்திருக்கு, ஐயா. ஆக்களுக்கும் குடுத்து, எவ்வளவ உடம்பு தாங்குமெண்டும் பாத்தாச்சு. இந்த நோய நிப்பாட்டுமா எண்டதுதான் இன்னும் தெரியா. தெரிஞ்சிருந்தா உங்களிட்டக் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டம், குடுத்திருப்பம்."

அப்பா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. வைக்கவும் வரவில்லை. அக்காதான் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுப் பேனையைக் கேட்டாள். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் சம்மதம் கேட்டு ஒரு தாள் இருந்தது. மூன்று பக்கத்தையும் வாசித்தாள். விரும்பாவிட்டால் எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்ற இடத்தை இரண்டு தரம் சத்தமாக, ஜன்னல் பக்கம் பார்த்து வாசித்தாள்.

"அப்பா, பழைய மருந்து தனிய என்ன செய்ததெண்டு நமக்குத் தெரியும்தானே. இதையும் பாப்பம்."

அப்பா வந்து கையெழுத்து வைத்தார்.

குளிசை என்கிற அந்த மாத்திரைகள் இருந்த போத்தலோடு ஒரு மஞ்சள் மட்டைக் கொப்பியும் தந்தார்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். குளிசை எத்தனை மணிக்குக் குடித்தது, எத்தனை தரம் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தது, வாய்ப்புண் உண்டா, காய்ச்சல் எத்தனை, நோ என்கிற வலி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை. எல்லாவற்றுக்கும் கட்டம். அக்காவுக்கு மருந்தினால் விரல் நுனியெல்லாம் விறைத்துப்போய் பேனை பிடிக்க முடியாது. அம்மாவுக்குச் சமையல், கழுவல், அக்காவைத் தூக்கி இருத்தல் என்று கை ஓயாது. "தங்கச்சிட எழுத்து அழகுதானே, அவ எழுதட்டும்" என்று அக்கா சொன்னாள். அக்காவின் சோதனைக்கு நான் எழுதுகிறேன் என்ற பெருமையில் அந்த வாரம் முழுவதும் நான் என் சொந்த வீட்டுப்பாடத்தைக்கூடத் தொடவில்லை.

முதல் இரண்டு கிழமையும் ஒரு எழுத்துக்கூடப் பிழையாக எழுதவில்லை. இரண்டாம் கிழமை முடிவில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கீமோ ஏற்றினால் உடம்பில் கிருமியை எதிர்க்கிற பலம் குறைந்துவிடும். முப்பத்தெட்டுக்கு மேலே போனால் வேறு எதையும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுங்கள் என்று மிஸ் சொல்லியிருந்தார். மட்டக்களப்புக்குக் கொண்டுபோனோம். மூன்று நாளில் சரியானது. ஆனால் குளிசையை ஒரு கிழமை நிறுத்தச் சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் கொழும்பிலிருந்து போன் எடுக்கிற மிஸ்ஸிடம் அம்மா விவரம் சொன்னபோது போனில் அவருடைய குரல் எனக்கும் கேட்டது.

"மறுகாவும் இப்பிடி வந்தா சோதனையில இருந்து எடுக்க வேண்டி வரும், பாப்பம்."

சோதனையிலிருந்து எடுப்பதென்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். பெயில்.

அன்றிலிருந்து நான் அக்காவுக்கு உதவிசெய்யத் தொடங்கினேன். பின்னேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நோ எட்டு" என்பாள். நான் மூன்று என்று எழுதுவேன். "நாலு தரம் சத்தி" என்பாள். ஒன்று. அதிகம் குறைத்தால் பிடிபட்டுவிடுவோம் என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன். பூச்சியம் மட்டும் எழுதமாட்டேன். இடையில் கொழும்புக்கு, இந்தச் சோதனையின் இரண்டாம் கீமோவுக்குப் போனபோது பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டதால் நான் போகவில்லை. கொப்பி மட்டும் போய் வந்தது. சனிக்கிழமைகளில் அம்மா என் எண்களைப் போனில் வாசித்துச் சொல்வார். மிஸ், "இந்தக் கிழமை நல்லா இருக்கே" என்பார். அம்மா சந்தோஷப்படுவார். நான் அடுத்த அறையிலிருந்து கேட்டுச் சந்தோஷப்படுவேன். அக்கா மட்டும் சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்திருப்பாள்.

மாசியில் வட்டையில் வெள்ளாண்மை வெட்டு. அப்பா விடிய முதல் வயலுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். ஒரு நாள் மதியம், அம்மா அடுப்படியில் நிற்க, நான்தான் அக்காவின் கக்கத்தில் காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்தேன். அது கீச்சென்று கத்தியதும் எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு தசம் ஒன்பது.

அந்த எண்ணை இப்போதும் என்னால் காண முடியும். சாம்பல் நிறக் கண்ணாடிக்குள் கறுப்பாக இருந்தது. மிஸ் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக மற்றது ஞாபகத்தில் இருந்தது: மறுகாவும் வந்தால் எடுத்துவிடுவார்கள். கருவியை நிறுத்தினேன். முப்பத்தாறு தசம் ஒன்பது என்று கட்டத்துக்குள் அழகாக எழுதினேன்.

"எத்தினை மகள்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"முப்பத்தாறு அம்மா."

"அப்ப கொஞ்சம் படுக்கட்டும்."

நாலு மணிபோல அக்கா நடுங்கத் தொடங்கினாள். கட்டில் சட்டம் சுவரில் தட்டுப்படுகிற அளவுக்கு நடுங்கினாள். அம்மா நெற்றியைத் தொட்டுவிட்டுப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவோடு வந்துவிட்டார். பட்டிருப்புப் பாலத்தால் போகும்போது அக்கா என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைத் தெரிந்ததாகத் தெரியவில்லை. நான் இருக்கையில் ஒடுங்கிக்கொண்டு, மஞ்சள் கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொப்பி கேட்பார்கள், அதனால் கொண்டுபோக வேண்டும் என்பதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

அப்பா கால் நிறையச் சேறோடு வயலிலிருந்து நேரே வந்தார். அக்காவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் இரண்டு மணித்தியாலம் சுணங்கியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஒரு இளம் டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீ காய்ச்சல் பாக்கல்லயா?"

"பாத்ததுதானே. முப்பத்தாறு எண்டு எழுதிக் கிடக்கு."

"கிடக்கா? கிடக்கிறதத்தான் நீ பாத்தாய். புள்ளையப் பாக்கல்ல."

அதற்குமுன் அப்பா அம்மாவை ஆட்கள் நடுவில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. திறக்கவில்லை. அடுத்த நாள் அப்பா அந்தக் காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்துப்போய் எறிந்துவிட்டுப் புதிது வாங்கி வந்தார். பிழை அதனுடையது என்று வீட்டில் முடிவாயிற்று. ஆனால் அம்மா மட்டும், பிழை தன்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் சாப்பிட உட்காராததிலேயே தெரிந்தது.

ஐந்தாம் நாள் அக்காவை வாட்டுக்கு மாற்றினார்கள். உதடெல்லாம் வெடித்து, குரல் இல்லாமல் இருந்தாள். அம்மா தேத்தண்ணி வாங்கப் போன நேரம், கொப்பியை எடுத்துத் தரச்சொன்னாள். விறைத்த விரலால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"தங்கச்சி, இஞ்ச வா. நான் எட்டெண்டு சொன்னன். நீ மூண்டெண்டு எழுதியிருக்காய்."

அவள் அடுத்த பக்கங்களைத் தள்ளினாள்.

"இதுவும். இதுவும். அண்டைக்கு நான் விடிய விடிய நித்திரை கொள்ளல்ல. ரெண்டெண்டு கிடக்கு." பிறகு கடைசியாக எழுதிய பக்கத்துக்கு வந்தாள். அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள். "இது மெய்யா எத்தினை?"

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நீ பெயிலாகிப் போவாய் எண்டுதான்..."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரம் எடுத்தது. என் கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தினாள்.

"விசரி, இது எனக்கு வைக்கிற சோதனையில்ல. மருந்துக்கு வைக்கிற சோதனை. எனக்கு நோகுதெண்டு நீ எழுதாட்டி, எனக்குப் பிறகு இதைக் குடிக்கிற புள்ளைக்கும் நோகும். விளங்குதா?"

விளங்கியது என்று தலையாட்டினேன். விளங்கவில்லை. அவளுக்குக் கோபம் இல்லை என்பது மட்டும் விளங்கியது, அது எனக்குப் போதுமாக இருந்தது. "அம்மாட்டச் சொல்லாத. மிஸ்ஸிட்ட நான் சொல்றன்" என்றாள்.

பங்குனி தொடக்கத்தில் கொழும்புக்குப் போனோம். நெஞ்சுப் படம் திரும்ப எடுக்கிற தவணை அது. காய்ச்சலோடு நிறுத்திய குளிசையைத் தொடர்வதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அக்கா அடம்பிடித்து என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். படம் எடுத்து முடிந்ததும் அம்மாவையும் அப்பாவையும் டொக்டர் தன் அறைக்குள் கூப்பிட்டார். அக்காவும் நானும் மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் இருந்தோம். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

"பத்து வயசுப் புள்ளையிட்ட இத எழுதக் குடுத்தது எங்கட பிழை" என்றார் கடைசியில். "நான் கேட்டிருக்க வேணும், ஆர் எழுதிறதெண்டு. டொக்டருக்கு நான் இதச் சொல்லத்தான் வேணும். இப்ப வாங்க, திருத்துவம்."

அழிக்கக் கூடாது என்றார். பிழையான எண் தெரியும்படி அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான எண். அதன் பக்கத்தில் திருத்தியவர் கையெழுத்தும் திகதியும். எனக்குக் கையெழுத்து என்று ஒன்று அதுவரை இருந்ததில்லை. பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வளைத்து ஒரு கோடு இழுக்கச் சொல்லித் தந்தார்.

மிஸ் திகதியை வாசிப்பார். அக்கா கண்ணை மூடி யோசிப்பாள்.

"தைப்பொங்கலுக்கு அடுத்த நாள்?"

"ஏழு. அண்டைக்கு மழை. பின்னேரம் எட்டாகிட்டுது."

நான் மூன்றில் கோடு போட்டு எட்டு என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். அடுத்த நாள். ஒன்பது. அதற்கடுத்த நாள். ஒன்பது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மறந்துபோன நாள் என்று சொன்னவை மூன்றோ நாலோதான்; அவற்றுக்கு எதிரே ஞாபகம் இல்லை என்றே எழுதச் சொன்னார் மிஸ். பக்கம் பக்கமாக என் அழகான எண்களுக்கு மேலே கோடு விழுந்தது. பாதி தாண்டியபோது என் கை நோகத் தொடங்கியது. நான் நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தேன். அத்தனை எட்டும் ஒன்பதும் அவளுடைய அந்தக் காலுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எழுது" என்றாள் அக்கா. எழுதினேன்.

முடிந்ததும் மிஸ் கொப்பியை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"மிஸ், அக்கா பாஸா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையைப் பார்த்தாள்.

"ஓம் மகள். பாஸ்."

நான் வெளியே ஓடினேன். அம்மாவும் அப்பாவும் டொக்டரின் அறைக்கு வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் மடியில் படம் போட்ட பெரிய உறை.

"அப்பா, அக்கா பாஸ்! மிஸ் சொன்னவ!"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உறையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தினை மார்க்ஸ் மகள்?"

"நூறு" என்றேன், யோசிக்காமல்.

"நூறோ... நல்லம். நல்லம் மகள்."

கன்டீனுக்குக் கூட்டிப்போய் எனக்குப் பணிஸ் வாங்கித் தந்தார். தனக்கு ஒன்றும் வாங்கவில்லை.

நுரையீரலில் புள்ளிகள் இரண்டு மடங்காகியிருந்தன. குளிசை எதுவாக இருந்தாலும் அது நிறுத்தவில்லை. அதனால்தான் அன்று மிஸ் பழைய போத்தலையும் கொப்பியையும் வாங்கிவைத்துவிட்டுப் புதிது தரவில்லை. அக்கா வைகாசியில், வீட்டில், ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். இரண்டு மூன்று வருடங்கள் கழித்து மிஸ் அப்பாவுக்குப் போன் எடுத்தார். சோதனை முடிந்து, யாருக்கு எது கிடைத்தது என்று திறந்து பார்த்திருக்கிறார்கள். அக்காவுக்குக் கிடைத்தது புது மருந்துதான். அவளுக்கு அது கேட்கவில்லை. வேறு சிலருக்கு நோயைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்திருக்கிறது. இன்னும் பார்க்கவேண்டும் என்றாராம். எலி என்று சத்தம் போட்ட அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தக் கொப்பிய வாசிச்சவங்களா?" ஒவ்வொரு பக்கமும் வாசித்தார்கள் என்று மிஸ் சொன்னாராம். அப்பா அதை எங்களிடம் இரண்டு தரம் சொன்னார்.

அந்த முப்பத்தாறு தசம் ஒன்பதைப் பற்றி அம்மாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லாத வருடங்கள் கூடக் கூட, சொல்வது கடினமாகிக்கொண்டே போகிறது. இதை எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

கொழும்பிலிருந்து திரும்பிய அந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த நாள் விடியற்காலை ரயில். காலை நீட்டி வைக்க வசதியாக அக்காவுக்கு ஜன்னல் பக்கம். அம்மாவும் அப்பாவும் எதிரே, ஒருவரோடு ஒருவர் பேசாமல். பொலநறுவையைத் தாண்டும் வரை நான் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தேன். குளிசைப் பை இல்லாததைக் கவனித்து, ஏன் என்று கேட்டேன்.

"சோதனை முடிஞ்சுதுதானே" என்றாள் அக்கா.

"அப்ப நான் இனி ஒண்டும் எழுதத் தேவல்லயா?"

"தேவல்ல. நீ இனி உன்ட சோதனைக்குப் படி."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. இனி எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை, சனிக்கிழமைப் போனும் இல்லை. சோதனை முடிந்தால் விடுமுறை. அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தேன். அவள் தன் விறைத்த விரல்களால் என் தலைமயிரைக் கோதிக்கொண்டே வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெட்டியில் நாங்கள் நாலு பேர். மட்டக்களப்பு வரும்வரை நிம்மதியாக நித்திரை கொண்டவள் நான் ஒருத்திதான்.